ஜீப் வாங்கப் போகிறவர்களுக்கு

மார்கழித் திருவாதிரையன்று உத்தரகோசமங்கையில் ஜனங்கள் திரள் திரளாகக் கூடுவது புதிய சங்கதி அல்ல. வருஷம் முழுவதும் சந்தனக் காப்புக்குள் மறைந்திருக்கும் மரகத நடராஜர், அந்த ஒரு நாள்தான் காப்புக் களைந்து பச்சைத் திருமேனியோடு காட்சி கொடுக்கிறார். அதைக் காண எந்தக் காலத்திலும் கூட்டம் வந்துகொண்டுதான் இருந்தது. புதிய சங்கதி, கோயிலுக்கு வெளியே நிற்கும் வண்டிகள். வில்வண்டிகள் அவிழ்த்துவிட்டு நின்ற இடத்தில் இன்று சதுர முகமும், முறைத்துப் பார்க்கும் வட்ட விளக்குகளும், முதுகில் கட்டிய உபரிச் சக்கரமுமாக ஜீப் ஜாதி வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. பாதிக்கு மேல் கல்யாணப் பெண்ணைப்போல் பளபளவென்றிருக்கின்றன. சேறு என்பதைக் கனவிலும் கண்டிராதவை.

இவற்றை வாங்குவதில் ஒருவரையும் குறை சொல்வதற்கில்லை. உடைமைக்கு ஏற்ற ஆசை இருக்க வேண்டியதுதான். ஆனால் வண்டிக் கடையில் நீட்டுகிறார்களே ஒரு பட்டியல், அதைப் பார்த்ததும் நன்றாகக் கணக்குத் தெரிந்த கனவான்களும் தலை சுற்றி உட்கார்ந்துவிடுகிறார்கள். ஒரே பெயருள்ள வண்டியில் ஆறு தினுசு, பத்துத் தினுசு! விற்பனையாளர்கள் இதை 'வேரியண்ட்' என்கிறார்கள்; நாம் 'ரகம்' என்று வைத்துக்கொள்வோம். அடி ரகத்துக்கும் முடி ரகத்துக்கும் நடுவே பல லட்சம் ரூபாய் கிடக்கிறது. அந்தப் பல லட்சத்தில் எது மண்ணுக்காகக் கொடுக்கும் பணம், எது கண்ணுக்காகக் கொடுக்கும் பணம் என்று பிரித்துப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

ஆதியில் இந்தத் தொல்லையே இல்லை. 1945-ல் ஆரம்பித்த மகீந்திரா கம்பெனியார், 1947-ல் அமெரிக்க வில்லிஸ் ஜீப்புகள் எழுபத்தைந்தைப் பாகம் பாகமாகத் தருவித்து நம் நாட்டில் ஜோடிக்கலானார்கள். அந்த ஜீப்பில் என்ன ரகம் இருந்தது? மடக்கக்கூடிய முன் கண்ணாடி, கித்தான் கூரை, நாலு சக்கரத்துக்கும் ஓட்டம், அவ்வளவுதான். மழை பெய்தால் நனைய வேண்டும். வெயிலடித்தால் காய வேண்டும். வாங்குகிறவர் யோசிக்க வேண்டியது, வாங்கலாமா வேண்டாமா என்ற ஒன்றுதான். இன்றோ அந்தப் பரம்பரையில் வந்த 'தார்' வண்டியும், அதன் ஐந்து கதவுத் தம்பியான 'தார் ராக்ஸ்' என்பதும், மாருதியின் 'ஜிம்னி'யும், ஃபோர்ஸ் கம்பெனியின் 'கூர்க்கா'வும் கடைவீதிக்கு வந்துவிட்டன. எல்லாம் நம் நாட்டிலேயே செய்யப்படுகின்றன என்பது சந்தோஷமான செய்தி. ஐந்து கதவு ஜிம்னியை 2025 ஜனவரியில் ஜப்பானிலேயே கொண்டுபோய் விற்றார்கள். நாலே நாளில் ஐம்பதினாயிரம் பேர் கேட்டுவிட்டபடியால் பதிவை நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. ஜப்பான் கம்பெனியின் வண்டியை இந்தியத் தொழிலாளர் செய்து ஜப்பானியருக்கு அனுப்பும் காலம் வந்திருக்கிறது!

நிற்க. ராமநாதபுரம் ஜில்லாவில் நாலு சக்கர ஓட்டம் உண்மையில் தேவைப்பட்ட இடம் எது என்று கேட்டால் சிறு பிள்ளையும் தனுஷ்கோடி என்று சொல்லும். 1964 டிசம்பர்ப் புயலில் ஊரும் ரயில் பாதையும் அழிந்த பிறகு, ஐம்பது வருஷத்துக்கு மேலாக முகுந்தராயர் சத்திரத்தோடு நல்ல பாதை முடிந்தது. அதற்கப்பால் மணலும் கடல் நீரும். யாத்திரிகர்களை ஏற்றிக்கொண்டு நாலு சக்கர ஜீப்புகளும் வேன்களும் அந்த மணலில் ஆடி அசைந்து போன காட்சியைக் கண்டவர் மறக்க மாட்டார்கள். அந்த வண்டிகளில் பளபளப்பு ஒன்றும் கிடையாது. டயரில் காற்றைக் குறைத்து, கியரை இறக்கி, நிதானமாக உருட்டத் தெரிந்த சாரதியே அவற்றின் மேல் ரகம்.

2017 ஜூலை 27-ம் தேதி அரிச்சல்முனை வரை தார்ச்சாலை திறக்கப்பட்டது. இன்று அங்கே எந்தச் சாதாரண வண்டியும் போகிறது. சாலையின் இரு பக்கத்து மணல் நம் விளையாட்டுக்கு என்றும் நினைத்துவிடக் கூடாது. அது ஆமைகள் முட்டையிடும் கரை. பூநாரைகள் இறங்கும் நீர்ப்பரப்பு. 2025 ஜூனில் சர்க்கார் தனுஷ்கோடியில் பூநாரைச் சரணாலயம் ஒன்றை அறிவித்திருக்கிறார்கள். ஆகவே, "தனுஷ்கோடி மணலில் ஓட்டலாம், ஸார்!" என்று யாராவது சொல்லி நாலு சக்கர ரகத்தை உங்கள் தலையில் கட்டப் பார்த்தால், புன்னகை செய்துவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போங்கள்.

அப்படியானால் இந்தச் சீமையில் யாருக்குத்தான் ஜீப் வேண்டும்? உத்தரகோசமங்கைப் பக்கத்தில் ஒரு குடும்பத்தை மனத்தில் எண்ணிக்கொள்ளுங்கள். கொஞ்சம் நெல், கொஞ்சம் முண்டு மிளகாய். குண்டு குண்டாக இருக்கும் இந்த ராமநாதபுரத்து மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்து, ஊர்ப் பெயர் வெளியூரிலும் அடிபடுகிறது. வீட்டில் வயதான ஆச்சி, கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள். ராமநாதபுரம் 18 கிலோமீட்டர். அது நல்ல சாலை. ஆனால் வயலுக்குப் போவது கண்மாய்க் கரை வழியாக. கோடையில் அந்தக் கரை கல்லாக இறுகிக் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் களிமண் ஊறிவிட்டால் வெண்ணெய் தடவியதுபோல் வழுக்கும். கரையின் இரு புறமும் சீமைக் கருவேலம். தென்பக்கம் கீழக்கரையும் ஏர்வாடியும் வாலிநோக்கத்து உப்பளமும் தூரமில்லை. காற்றிலேயே உப்பு உண்டு.

முள், களி, உப்பு. இந்த மூன்றையும் நினைவில் வைத்துக்கொண்டு பட்டியலைக் கையில் எடுப்போம். கீழேயிருந்து மேலே படிக்க வேண்டும். அதாவது டயரிலிருந்து தொடங்கிக் கூரையில் முடிக்க வேண்டும். கடைக்காரர் எப்பொழுதும் கூரையிலிருந்துதான் தொடங்குவார்!

டயரின் பக்கத்தில் மூன்று எண் பொறித்திருக்கும். முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது, அந்த அகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு பக்கச் சுவரின் உயரம் என்பது. மூன்றாவது, நடுவிலுள்ள ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 2020 அக்டோபரில் புதிய தார் வந்தபோது அதன் அடி ரகத்துக்கு 245/75 ஆர்16 டயரும் இரும்பு ரிம்மும் கொடுத்தார்கள்; மேல் ரகத்துக்கு 255/65 ஆர்18 டயரும் அலாய் ரிம்மும். கணக்குப் போட்டுப் பாருங்கள். அடி ரகத்தின் ரப்பர்ச் சுவர் 184 மில்லிமீட்டர். மேல் ரகத்தினுடையது 166. தார் ராக்ஸின் உச்ச ரகத்தில் ரிம் 19 அங்குலமாகி, ரப்பர் 153-க்கு இறங்கிவிட்டது. விலை ஏற ஏற ரிம் பெருக்கிறது, ரப்பர் மெலிகிறது. பார்வைக்கு அது கம்பீரம். கண்மாய்க் கரையில் எதிர்ப்படும் கல்லுக்கும் குழிக்கும் ரப்பர்தான் மெத்தை. மெத்தை தடிப்பாக இருந்தால் காற்றைக் குறைத்துக்கொண்டு மண்ணில் அகலமாகப் பதியவும் முடியும். அன்றியும், இரும்பு ரிம் வளைந்தால் தட்டி நிமிர்த்தலாம். அலாய் விரிந்தால் புதிதாகத்தான் வாங்க வேண்டும்.

கருவேல முள்ளைப் பற்றியும் ஒரு வார்த்தை. டயரின் தரை படும் பாகத்தில் முள் ஏறினால் பஞ்சர்க்காரர் ஐந்து நிமிஷத்தில் அடைத்துவிடுவார். பக்கச் சுவரில் ஏறினால் அதை நம்பத் தகுந்தபடி அடைக்க முடியாது. ஆகையால் அதே அளவில் இன்னொரு முழுச் சக்கரம் கூடவே வருகிறதா என்பது, சங்கீதப் பெட்டியில் எத்தனை ஒலிபெருக்கி என்பதைக் காட்டிலும் முக்கியம். கையடக்கமான காற்றடிக்கும் இயந்திரமும், காற்று அளக்கும் கருவியும், பழுதில்லாத இழுவைக் கயிறும் வெளிக்கடையில் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும். இந்த வண்டிகளுக்காக விற்கும் உபரிச் சாமான்களில் இவ்வளவு மலிவாக இவ்வளவு உதவி செய்வது வேறொன்றும் இல்லை.

அடுத்தது ஓட்டம். எல்லா ஜீப் முகங்களுக்கும் நாலு சக்கர ஓட்டம் உண்டென்று நினைப்பவர்கள் பலர். 2023 ஜனவரியில் 1.5 லிட்டர் டீசல் எஞ்சினோடு பின் சக்கரம் மட்டும் ஓடும் தார் வந்தது. அதற்கும் அதே முகம், அதே மிடுக்கு. தார் ராக்ஸிலும் டீசலில், அதுவும் நடுத்தர ரகத்துக்கு மேல்தான் நாலு சக்கரம் கிடைக்கும். பெட்ரோல் ராக்ஸ் எவ்வளவு விலை கொடுத்தாலும் பின் சக்கர வண்டியே. ஜிம்னியில் இந்தப் பேதம் இல்லை. 'ஜீட்டா' என்ற கீழ் ரகமானாலும் 'ஆல்ஃபா' என்ற மேல் ரகமானாலும் நாலு சக்கர ஓட்டமும், ஏற்றத்துக்கும் சேற்றுக்கும் வேண்டிய தாழ்ந்த கியரும், ஆறு காற்றுப் பைகளும், 195/80 ஆர்15 டயரும் ஒன்றுபோலவே உண்டு. மேல் ரகத்தில் கிடைப்பது அலாய் ரிம், பெரிய தொடுதிரை, தானே குளிரைச் சீர்ப்படுத்திக்கொள்ளும் ஏ.சி., இன்னும் மினுக்கான விளக்குகள். 2023 ஜூனில் விற்பனைக்கு வந்தபோது கையால் கியர் போடும் இரு ரகங்களுக்கும் இடையே வித்தியாசம் ஏறக்குறைய 95,000 ரூபாய். மண்ணுக்காக அதில் காலணாகூட இல்லை. எல்லாம் உள்ளே உட்காருகிறவருடைய சௌகரியத்துக்கு. விஷயத்தை இப்படி ஒளிவு மறைவில்லாமல் வைத்த கம்பெனியைப் பாராட்டத்தான் வேண்டும்.

நாலு சக்கரமும் ஓடினால் போதுமா என்றால், அதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. வளைவில் திரும்பும்போது வெளிச் சக்கரம் அதிகமாகவும் உள் சக்கரம் குறைவாகவும் சுற்ற வேண்டும். இதற்காக இரு சக்கரங்களுக்கும் நடுவே 'டிஃபரன்ஷியல்' என்ற பற்சக்கரக் கூட்டம் உண்டு. இதன் குணம், பிடிப்பில்லாத சக்கரத்துக்கே சக்தியை ஓட விடுவது. ஒரு சக்கரம் களியில் வீணாகச் சுற்ற, மற்றது பேசாமல் நிற்கும். நம் வீடுகளில் உழைக்கிறவன் ஒருவன், உண்கிறவன் ஒருவன் என்பதற்கு நேர் தலைகீழ்! இதைக் கட்டிப் போட்டு இரண்டு சக்கரமும் சேர்ந்து சுற்றும்படி செய்வது 'லாக்' என்னும் பூட்டு. கூர்க்காவில் முன் சக்கரங்களுக்கும் பின் சக்கரங்களுக்கும் தனித்தனிப் பூட்டு. நீரில் இறங்கினால் எஞ்சினுக்குக் காற்று வாங்க உயரமான குழல். எல்லாம் கம்பெனியிலேயே வைத்து வருகிறது. ஜிம்னியில் பூட்டுக்குப் பதிலாக, வீணே சுற்றும் சக்கரத்தைப் பிரேக்கே பிடித்து நிறுத்தும் ஏற்பாடு. கார்த்திகை மாதத்துக் கண்மாய்க் கரைக்கு அது போதும் என்பது என் அபிப்பிராயம்.

வயல் தார்ச்சாலையை ஒட்டியிருக்கும் வீட்டார் இந்த அத்தியாயத்தையே தாண்டிவிடலாம். வருஷத்தில் பத்து மாதம் காய்ந்து கிடக்கும் பூமி இது. வீட்டில் டிராக்டர் வேறு இருந்தால், ஐப்பசியில் நாலு நாள் சிக்கிக்கொள்ளும் வண்டியை இழுக்க அதுவே போதும். அவர்கள் பின் சக்கர வண்டியை வாங்கிக்கொண்டு மிச்சத்தைப் பெண்ணின் படிப்புக்கு வைக்கட்டும். ஒரு ஜாக்கிரதை மட்டும் வேண்டும். இன்றைய டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடித்து எரிக்கும் வடிகட்டி உண்டு. வீட்டுக்கும் கடைத்தெருவுக்கும் மட்டும் உருட்டிக்கொண்டிருந்தால் கரி எரியாமல் அடைத்துக்கொள்ளும். மாதத்தில் சில தடவையாவது மதுரைப் பக்கம் வேகமாகப் போய் வருகிறவர்களுக்கே டீசல் பொருந்தும்.

உப்பின் கதைக்கு வருவோம். இந்தக் கடற்காற்று இரும்பை என்ன செய்யும் என்பதற்குப் பாம்பனே சாட்சி. 1914-ல் திறந்த பழைய ரயில் பாலத்தை அரித்து அரித்து, 2022 டிசம்பரில் ரயிலையே நிறுத்தும்படி செய்தது துருதான். 2025 ஏப்ரல் 6-ம் தேதி திறந்த புதுப் பாலத்துக்குத் துருப்பிடிக்காத கம்பிகளும் விசேஷ வர்ணப்பூச்சும் கொடுத்திருக்கிறார்கள். பாலத்துக்கே இந்தக் கதி என்றால் தகட்டு வண்டி எம்மாத்திரம்? வண்டியின் அடி வயிற்றுக்குத் துரு தடுக்கும் பூச்சுப் பூசுவதை எந்த ரகத்திலும் மேன்மையாகச் சேர்ப்பதில்லை. தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். உத்தரகோசமங்கைப் பெருமான் வருஷம் முழுவதும் சந்தனக் காப்பில் இருக்கிறார். அவர் சந்நிதிக்கு வரும் வண்டிக்கும் ஒரு காப்பு இருந்தால் பாதகமில்லை. பூசுவதற்கு முன் அடிப்பாகம் கழுவி நன்றாகக் காய்ந்திருக்கிறதா, கதவுகளின் அடியிலுள்ள வடிகால் துளைகளை அடைத்துவிடாமல் பூசுகிறார்களா என்று கூடவே நின்று பாருங்கள். ஈரத்தின் மேல் பூசினால் துருவை உள்ளே வைத்துத் தைத்த மாதிரி ஆகும். கடற்கரைக்குப் போய் வந்த மறுநாள் நல்ல தண்ணீரால் அடிப்பாகத்தைக் கழுவுவது இதற்கு அடுத்த வைத்தியம். நல்ல தண்ணீருக்கே நாம் படும் பாடு தெரியும். ஆனாலும் இரண்டு குடத்தை இதற்கு ஒதுக்கத்தான் வேண்டும். கித்தான் கூரை, கழற்றும் கூரை என்பவையெல்லாம் குளிர் மலைகளுக்கு அழகு. சித்திரை வெயிலில் திறந்த கூரையோடு பரமக்குடி வரை போய் வர எண்ணுகிறவரை யாரும் தடுக்கப் போவதில்லை. ஒரு தடவைக்கு மேல் அவரே போக மாட்டார்.

இனி, வண்டிக்குள் யார் யார் ஏறப் போகிறார்கள்? விளம்பரங்களில் இந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. அங்கே எப்பொழுதும் ஒரு வாலிபன் தனியாக மலை ஏறுகிறான். மூன்று கதவுத் தாரில் நாலு பேர்தான் உட்காரலாம். ஜிம்னிக்கு ஐந்து கதவு இருந்தாலும் ஆசனம் நாலுதான். நாம் எண்ணிய குடும்பத்தில் ஐந்து பேர். ஆச்சியை வீட்டில் விட்டுவிட்டுத் திருவாதிரைத் தரிசனத்துக்குப் போவதாக உத்தேசமா? போதாதற்கு, மூன்று கதவுத் தாரின் பின் ஆசனத்துக்கு முன் ஆசனத்தைச் சாய்த்து, இடுக்கில் நுழைந்துதான் போக வேண்டும். எழுபது வயதில் முழங்கால் வலியோடு அந்தச் சர்க்கஸ் செய்வதற்கில்லை. 2020-ல் அடி ரகத்தில் பக்கவாட்டில் பார்த்து உட்காரும் ஆறு பேர் வண்டி ஒன்றும் இருந்தது, பிறகு கைவிட்டார்கள். கைவிட்டதே நல்லது.

ஆகவே இந்தக் குடும்பத்துக்கு மிஞ்சுவது ஐந்து பேர் அமரும் ராக்ஸும், ஏழு பேர் அமரும் ஐந்து கதவுக் கூர்க்காவும். கூர்க்காவில் காற்றுப் பைகள் இரண்டே. ராக்ஸில் அடி ரகத்திலேயே ஆறு. 2024 நவம்பரில் வெளியான பாரத் மோதல் பரீட்சையில் ஐந்து நட்சத்திரமும் பெற்றது. குழந்தைகள் ஏறும் வண்டியில் இந்த வித்தியாசம் சேற்றுப் பூட்டைவிடப் பெரிது என்றே நான் நினைக்கிறேன். ஏறு படியும் கைப்பிடியும் ராக்ஸுக்குக் கூடுதலாக வாங்கத் தகுந்தவை, அவை ஆச்சிக்காக. ஆனால் ராக்ஸ் வந்தபோது உள்ளே இருக்கைகளைத் தந்த வெண்மையில் தைத்து வைத்திருந்தார்கள்! மிளகாய் மூட்டையும் செம்மண் காலும் ஏறும் வண்டிக்கு வெள்ளை மெத்தை! ஜனங்கள் முறையிட்ட பின் நாலு சக்கர மேல் ரகங்களுக்குக் காப்பி நிறத்தையும் சேர்த்தார்கள்.

கடைசியாகப் பணம். 2024 செப்டம்பரில் சொன்ன கடை விலைப்படி நாலு சக்கர ராக்ஸின் நடுத்தர ரகம் 18.79 லட்சம், கையால் கியர் போடும் உச்ச ரகம் 20.99 லட்சம். வித்தியாசம் 2.20 லட்சம் என்றுதான் தோன்றும். ஆனால் 2023 நவம்பரிலிருந்து தமிழ்நாட்டில் ஆயுட்கால வரி பத்து லட்சத்துக்கு மேல் இருபது லட்சம் வரை நூற்றுக்கு 18. இருபதைத் தாண்டினால் 20, அதுவும் முழு விலைக்கும். நடுத்தர ரகத்துக்கு வரி ஏறக்குறைய 3.38 லட்சம், உச்ச ரகத்துக்கு 4.20 லட்சம். ஆக வித்தியாசம் மூன்று லட்சம் ஆகிவிடுகிறது, இன்ஷூரன்ஸ் தனி. அந்த மூன்று லட்சத்துக்கு வருவது அகலமான கண்ணாடிக் கூரை, காற்று வீசும் இருக்கை, உயர்ந்த சங்கீதப் பெட்டி, சாலையைக் கண்காணிக்கும் காமிரா, 19 அங்குல ரிம். களியில் இழுக்கும் சாமான் நடுத்தர ரகத்திலேயே இருக்கிறது.

2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. மாறி, விலைகள் இறங்கியிருக்கின்றன. அதிலும் ஒரு விசித்திரம். நாலு மீட்டருக்குள் நீளமும், டீசலானால் 1,500 சி.சி.க்குள் எஞ்சினும் உள்ள வண்டிக்கு வரி 18 சதவீதம், மற்றவற்றுக்கு 40. ஆகவே பின் சக்கர 1.5 லிட்டர் தாருக்கு 18, அதே உருவத்தில் நாலு சக்கரம் ஓடும் 2.2 லிட்டர் தாருக்கு 40! பெட்ரோலுக்கு எல்லை 1,200 சி.சி. என்பதால் சின்னஞ்சிறு ஜிம்னியும் நாற்பதில் அகப்பட்டுக்கொண்டது. சேற்றில் இறங்க வேண்டிய குடியானவரையும் ஷோக்குக்கு வாங்கும் பட்டணத்துச் சீமானையும் வரிச் சட்டம் ஒரே தட்டில் நிறுத்தியிருப்பது நியாயமாகப் படவில்லை.

பேரம் முடிந்ததும் கடைக்காரர் உபரிச் சாமான் புத்தகம் ஒன்றைத் திறப்பார். முன்னால் மாட்டும் பருத்த இரும்புத் தடுப்பை முதலில் காட்டுவார். ஆடு மாடு குறுக்கே வரும் நம் சாலைக்கு அவசியம் என்பார். 2017 டிசம்பரிலேயே மத்திய சர்க்கார் அதைச் சட்ட விரோதம் என்று தெரிவித்துவிட்டார்கள். மோதலின் வேகத்தை அது சட்டத்துக்கு நேரே கொண்டுபோவதால் காற்றுப் பை விரிய வேண்டிய சமயத்தில் தவறக்கூடும். எதிரே வந்த மனிதருக்கோ அது எமன். பிதுங்கி நிற்கும் பெரிய டயர்களும் அப்படியே. கம்பெனி பதிவு செய்த அமைப்பை மாற்றக் கூடாதென்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் சொல்லியிருக்கிறது. ரப்பர்த் தரை விரிப்பு, சேறு தெறிக்காமல் தடுக்கும் மட்கார்டு, ஏறு படி, அடிப்பூச்சு, இவ்வளவோடு புத்தகத்தை மூடச் சொல்லிவிடுங்கள்.

கையெழுத்துப் போடுவதற்கு முன், ஓட்டிப் பார்க்கும் வண்டியை ராமநாதபுரம் புறவழிச்சாலையில் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டுவதோடு நிற்க விடாமல், வீட்டு வாசலுக்கே கொண்டுவரச் சொல்லிக் கேளுங்கள். ஆச்சி பின் ஆசனத்தில் தானாக ஏறி இறங்கட்டும். பின் ஆசனத்தை மடக்கி ஒரு மிளகாய் மூட்டையை வைத்துப் பாருங்கள். பிறகு கண்மாய்க் கரைக்கு விடச் சொல்லுங்கள். கடைக்காரப் பையன் தயங்கினால், அங்கே தினமும் போகப் போகிறவர்கள் நீங்கள் என்று சொல்லுங்கள்.